பித்தப்பை ஆபரேஷனில் எல்லாருக்கும் பித்தநாளப் படம் எடுக்க வேண்டுமா?

ஆத்தூர்_கோலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தாலுகா ஊரில் முப்பது படுக்கைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியை மனதில் வைத்துக் கேட்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு லேப் கோலி (சிறு துளை வழியாகப் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன்) நடக்கும் இடம். எலும்பு ஆபரேஷனுக்கு வாங்கிய சி-ஆர்ம் (நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே மெஷின்) ஒன்று இருக்கிறது. எம்ஆர்சிபி (பித்தநாளத்துக்கான எம்ஆர்ஐ ஸ்கேன்), ஈஆர்சிபி (வாய்வழியே குழாய் விட்டு நாளத்துக் கல்லை எடுப்பது) இரண்டுக்கும் சேலம் டவுனுக்குத்தான் அனுப்ப வேண்டும். வருகிறவர்களில் பலர் கருமந்துறை, பச்சைமலைப் பக்கத்து ஆட்கள். வீட்டுக்குப் போனபின் மறுபடி பார்க்க வரச் சொன்னால் எல்லாரும் வருவார்கள் என்று நம்ப முடியாது.

எல்எஃப்டி (ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை) சரி, ஸ்கேனில் சிபிடி (பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பெரிய நாளம்) 5 மி.மீ., காமாலையோ கணைய அழற்சியோ வந்ததே இல்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கும் ஆபரேஷன் நடுவில் டை (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) போட்டுப் படம் எடுக்க வேண்டுமா? இல்லை, சந்தேகம் உள்ளவருக்கு மட்டும் எடுத்தால் போதுமா?

ஐந்துரோடு_சர்ஜன் எழுதியது:

சந்தேகம் உள்ளவருக்கு மட்டும் போதும் என்பது என் பக்கம்.

2019-இல் வந்த அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் நாளத்துக்குள்ளேயே கல் தெரிகிறது, அல்லது காய்ச்சலும் காமாலையுமாகக் கோலாஞ்சைட்டிஸ் (நாளத்தில் கிருமித்தொற்று), அல்லது பிலிருபின் 4-க்கு மேல் போய் நாளமும் விரிந்திருக்கிறது என்றால் முதலில் ஈஆர்சிபி. எல்எஃப்டி கோளாறு, வயது 55-க்கு மேல், நாளம் 6 மி.மீ.-ஐத் தாண்டியது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இடைப்பட்ட அபாயம். அவருக்குத்தான் எம்ஆர்சிபி, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட், இல்லையென்றால் ஆபரேஷன் நடுவில் படம். வயது 55-க்குள் என்றால், நீங்கள் சொன்ன நோயாளி இந்த இரண்டிலுமே வரமாட்டார்.

தெரியாமல் இருக்கும் கல் எவ்வளவு தொந்தரவு தரும் என்பதற்கு 2004-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வார்கள். 962 பேருக்குப் படம் எடுக்க முயன்றதில் 46 பேருக்கு நாளத்தில் நிழல் தெரிந்தது. சிஸ்டிக் டக்டில் (பித்தப்பையைச் சிபிடியோடு சேர்க்கும் சிறு குழாய்) கத்தீட்டரை (மெல்லிய ட்யூப்) அப்படியே விட்டுவைத்து 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது 12 பேருக்கு ஒன்றுமே இல்லை. 6 வாரத்தில் இன்னும் 12 பேருக்கு இல்லை. மிச்சம் 22 பேர். முதல் நாளே எல்லாரையும் ஈஆர்சிபிக்கு அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்கு வீண் வேலை. ஈஆர்சிபியும் சும்மா போய்விட்டு வருகிற சமாசாரம் இல்லை, கணைய அழற்சியை வரவழைக்கக்கூடியது.

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

கல்லை மட்டும் வைத்துப் பேசினால் சார் சொல்வதோடு பெரிய சண்டை இல்லை. ஆனால் படத்தின் முதல் வேலை கல் தேடுவது இல்லை. நாம் வெட்டப்போகும் குழாய் எது என்று காட்டுவதுதான் முதல் வேலை.

லேப் கோலியில் பெரிய நாளத்தை வெட்டிவிடுவது பெரும்பாலும் கை தவறி நடப்பதில்லை. கண் ஏமாறி நடக்கிறது. 2003-இல் 252 நாளக் காயங்களை அலசிய ஆய்வில் 97 விழுக்காட்டுக்கு முதல் காரணம் இப்படிக் கண் ஏமாறியதுதான். சிபிடியைச் சிஸ்டிக் டக்ட் என்று முழுமனதாக நம்பி வெட்டுவது இதில் முக்கியமானது. காரணம் இழுக்கும் திசையில் இருக்கிறது. ஃபண்டஸை (பித்தப்பையின் நுனி) வலது தோள்பக்கம் தள்ளியபின், ஹார்ட்மன் பவுச்சை (அதன் கழுத்துப் பக்கம்) வலப்பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அதையும் மேல்நோக்கியே இழுத்தால் சிஸ்டிக் டக்டும் சிபிடியும் ஒரே கோட்டில் வந்து ஒரே குழாய் போலத் தெரியும். வீக்கம் உள்ள பித்தப்பையில் குட்டைச் சிஸ்டிக் டக்ட் உள்ளே மறைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கையோடு செய்கிற தப்பை நம்பிக்கையால் பிடிக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும், அதுதான் படம். தவறான குழாயில் சின்ன வெட்டுப் போட்டுக் கத்தீட்டர் விட்டிருந்தாலும், படத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிடலாம். சிபிடியின் முன்சுவரில் 2 மி.மீ. ஓட்டை என்றால் மெல்லிய கரையும் நூலால் தைத்து, வடிகால் குழாய் வைத்துக்கொள்ளலாம். அதே நாளத்தைத் துண்டித்து ஒரு துண்டையும் எடுத்துவிட்டால் குடலைக் கொண்டுபோய் ஈரல் நாளத்தோடு இணைக்கிற ரூ-என்-ஒய் ஆபரேஷன். அது ஒரு வாழ்நாள் கணக்கு: ஒட்டிய இடம் சுருங்குவது, திரும்பத் திரும்பக் காய்ச்சல்.

ஐந்துரோடு_சர்ஜன் எழுதியது:

மேடம், அந்தச் சாட்சி காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு எண்கள் அவ்வளவு உறுதி இல்லை. அமெரிக்க மெடிகேர் (முதியோருக்கான அரசு காப்பீடு) பதிவேட்டில் 1992 முதல் 1999 வரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில், படம் எடுத்தவர்களுக்குக் காயம் 0.39 விழுக்காடு, எடுக்காதவர்களுக்கு 0.58. 2003-இல் இது வந்தபோது எல்லாரும் படத்தின் பக்கம் சாய்ந்தார்கள். 2013-இல் டெக்சாஸ் மெடிகேர் தரவில் 92,932 பேரைப் பார்த்தபோதும் முதலில் 0.21-க்கு எதிராக 0.36 என்றே வந்தது. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த சர்ஜன், நோயாளி எவ்வளவு சிக்கலானவர் என்ற வேறுபாடுகளை வேறொரு புள்ளியியல் முறையால் சரிக்கட்டியதும் அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

காயத்தைத் தவிர்ப்பது 1995-இலேயே ஸ்ட்ராஸ்பெர்க் விளக்கிய பார்வை. கேலட் முக்கோணத்தில் (சிஸ்டிக் டக்டுக்கும் ஈரல் நாளத்துக்கும் ஈரலுக்கும் நடுவே உள்ள இடம்) கொழுப்பும் நாரும் முழுக்க எடுக்கப்பட வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரல் படுகையிலிருந்து பிரிந்து பின்னால் ஈரல் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு உறுப்பாக (சிஸ்டிக் டக்டும் அதன் ரத்தக்குழாயும்) இருக்க வேண்டும். மூன்றும் வந்தால் கிளிப் போட்டு வெட்டலாம். வராவிட்டால் சப்டோட்டல் (பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது) செய்துவிட்டு வெளியே வருவது. இதைச் சரியாகச் செய்பவருக்குப் படம் என்ன கூடுதலாகத் தரும்?

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

அந்தப் பார்வை கிடைத்தவருக்குக் குறைவாகத்தான் தரும். ஒத்துக்கொள்கிறேன். ஸ்வீடனின் பதிவேட்டிலும் பலன் தெரிந்தது பித்தப்பை அழற்சி இருப்பவர்களிடமும் முன்பு வந்துபோனவர்களிடமும்தான். அழற்சியே இல்லாதவர்களிடம் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அதே நாட்டில் 2005–2010 காலத்தின் 51,041 ஆபரேஷன்களை வைத்து 2012-இல் வந்த ஆய்வையும் பாருங்கள். படம் எடுக்கும் எண்ணத்தோடு செய்த ஆபரேஷன்களுக்குப் பிறகு இறப்பு குறைவு. காயம் பட்டவர்களிலும் மேசையிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பிழைத்தது அதிகம். வயிற்றுக்குள் பித்தம் கசிந்து ஐந்தாம் நாள் வீக்கத்தோடு வருகிற நோயாளியை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய காரணம். தேவைப்பட்டால் எடுப்பேன் என்கிற இடத்தில் தேவைப்படும் நாளில் எடுக்கத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். வீங்கிய பித்தப்பை, இரவு பத்து மணி, சி-ஆர்ம் இன்னொரு தியேட்டரில், கத்தீட்டர் எந்த அலமாரியில் என்று நர்ஸுக்குத் தெரியாது. அன்றைக்குப் பத்து நிமிட வேலை ஐம்பது நிமிடம் ஆகும், கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். சுலபமான பித்தப்பையில் எடுத்துப் பழகிய கைதான் கஷ்டமான பித்தப்பையில் எடுக்கும்.

ஆத்தூர்_கோலி எழுதியது:

மேடம், இந்தக் கடைசி வாதம் எனக்கு நேராகப் படுகிறது. செய்முறையை எங்கள் சாமான்களுக்கு ஏற்ற மாதிரி சொல்ல முடியுமா? இந்தப் படத்துக்குக் கத்தீட்டரைப் பிடித்து நிறுத்தும் தனி கோலாஞ்சியோ கிளாம்ப் இல்லை.

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

கிளாம்ப் இல்லாமலே முடியும். 5 ஃப்ரெஞ்ச் ஊரட்டரிக் கத்தீட்டர் (சிறுநீர்க்குழாய்க்குப் போடுவது), இல்லையென்றால் 5-ஆம் நம்பர் இன்ஃபன்ட் ஃபீடிங் ட்யூப் போதும். ஊரட்டரிக் கத்தீட்டர் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் உள்ளே தள்ள வசதி.

முக்கோணத்தைத் துப்புரவாக்கியபின் சிஸ்டிக் டக்ட் பித்தப்பையைத் தொடும் இடத்தில் ஒரு கிளிப். அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே கத்திரியின் நுனியால் முன்சுவரில் வெட்டு, சுற்றளவில் பாதிக்கும் குறைவாக. பாதியைத் தாண்டினால் கத்தீட்டரைத் தள்ளும்போதே நாளம் அறுந்து கீழே சுருண்டு போகும். வெட்டியதும் மழுங்கிய முனையுள்ள கிராஸ்பரால் (பிடிக்கும் கருவி) கீழிருந்து மேலாக, பித்தப்பைப் பக்கம் நீவிவிடுங்கள். சிஸ்டிக் டக்டுக்குள் இருக்கும் சின்னக் கல்லும் சேறும் வெட்டு வழியாக வெளியே வந்துவிடும். இதை மறந்தால் கத்தீட்டரே அந்தக் கல்லைச் சிபிடிக்குள் தள்ளிவிடும்.

விலா எலும்புக்குக் கீழே, முன் அக்குள் கோட்டுக்கும் நடு கிளாவிகிள் கோட்டுக்கும் இடையில் 14 ஜி வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) குத்தி, அதன் வழியே கத்தீட்டரை விட்டால் நாளத்துக்கு நேர்கோட்டில் வரும். கத்தீட்டரில் சலைன் ஓடிக்கொண்டே இருக்கட்டும், காற்று போகக்கூடாது. நாளத்துக்குள் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் போதும். ஹைஸ்டர் மடிப்பு (சிஸ்டிக் டக்டின் உள்மடிப்பு) தடுத்தால் முட்டித் தள்ளாதீர்கள். மேரிலாண்ட் (வளைந்த முனையுள்ள கருவி) நுனியை மெதுவாக உள்ளே விட்டு விரித்தெடுங்கள், அல்லது வழுக்கும் கைட்வயரை முன்னால் விடுங்கள். கத்தீட்டர் மேல் ஒரு கிளிப்பைப் பாதி அழுத்தத்தில் போடுங்கள். முழுக்க அழுத்தினால் கத்தீட்டர் நசுங்கி டை போகாது, தளர்வாக விட்டால் பக்கத்தில் ஒழுகிப் படம் முழுக்க மேகம். 10 மி.லி. சலைன் தள்ளிப் பார்த்து ஒழுகாவிட்டால் சி-ஆர்மைக் கூப்பிடலாம்.

டை என்றால் அயோஹெக்ஸால் 300-ஐப் பாதிக்குப் பாதி சலைன் கலந்து 20 மி.லி. சிரிஞ்சில். நாளம் 10 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சலைன். கெட்டியான டை சின்னக் கல்லை மூடிவிடும். முதல் 3–5 மி.லி. மிக மெதுவாக, திரையைப் பார்த்துக்கொண்டே. நாளத்தின் அடிமுனையில் இருக்கும் கல் அந்த நேரத்தில்தான் தெரியும்.

லெட்_ஏப்ரன் எழுதியது:

மேடம் சொன்னதோடு எக்ஸ்ரே பக்கத்தையும் சேர்த்துக்கோங்க.

நேரம் வீணாவது எல்லாம் டேபிளில்தான். ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன்னாடியே, நோயாளி படுத்ததும், துணி போடறதுக்கு முன்னால் ஒரு தடவை சி-ஆர்மை உள்ளே விட்டுப் பாருங்க. பல டேபிளில் நடுத் தூண் மேல்வயிற்றுக்கு நேர் கீழே வரும், எக்ஸ்ரே ட்யூப் உள்ளே போகாது. அப்ப நோயாளியை டேபிளில் கீழ்ப்பக்கம் இறக்கிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா தலைப்பக்கம் கால்பக்கம் மாத்திப் போடணும். தரையில் சக்கரம் நின்ற இடத்தை டேப் ஒட்டி வைத்துக்கிட்டா அப்புறம் முப்பது வினாடி வேலை. ஈசிஜி லீடையும் வயரையும் மேல்வயிற்றிலிருந்து ஒதுக்கிவிடுங்க.

லேப் கோலிக்குத் தலை உயர்த்தி இடது பக்கம் சாய்ச்சிருப்பீங்க. படத்துக்கு அதை மாத்தணும். டேபிளைச் சமமாக்கி, வலது பக்கம் 15 டிகிரி தாழ்த்தினா நாளம் முதுகெலும்பு மேலிருந்து விலகும். ஈரலுக்குள்ள இருக்கும் கிளைகள் நிறையலைன்னா தலையைத் தாழ்த்துங்க. கிராஸ்பரையும் கேமராவையும் நாளத்தின் மேலிருந்து ஒதுக்குங்க. ஒரே ஒரு ஸ்டில் படம் எடுத்துட்டு நிறுத்தாம, டை ஓடறதை லைவ்ல பாருங்க.

ட்யூப் டேபிளுக்குக் கீழே, இமேஜ் வாங்கும் பக்கம் மேலே, நோயாளிக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது. கதிர் கீழேயிருந்து வர்றதால இடுப்புக்குப் போடும் லெட் (ஈய) ஷீட்டை உடம்புக்கு அடியில விரிக்கணும். மேலே போர்த்தறது பிரயோசனமில்லை. குழந்தை பெறும் வயசுப் பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு ஷீட்டில் எழுதியிருக்கணும். டை தள்ளும் ஆளைத் தவிர மத்தவங்க இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவும், தியேட்டர் ஆட்களுக்கு டிஎல்டி பேட்ஜும் (வாங்கிய கதிர் அளவைக் காட்டுவது) எலும்புக்காரங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

அஸ்தம்பட்டி_மயக்கவியல் எழுதியது:

படம் எடுக்கும்போது மூச்சை நிறுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். முன்கூட்டி நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து 10–15 வினாடி வென்டிலேட்டரை நிறுத்தினால் படம் ஆடாது.

டை டுவோடினத்துக்கு (சிறுகுடலின் ஆரம்பம்) போகவில்லை என்றதும் கல் என்று முடிவு கட்டாதீர்கள். நாங்கள் கொடுக்கும் மார்ஃபின், ஃபென்டனில் இரண்டுமே நாளம் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள 'ஆடி' சுருக்குத்தசையை இறுக்கும். முதலில் வெதுவெதுப்பான சலைன் தள்ளுங்கள். போகாவிட்டால் குளுகாகான் 1 மி.கி. நரம்பில். இல்லையென்றால் பஸ்கோபான் 20 மி.கி. அதில் நாடித் துடிப்பு ஏறும். இதயநோய் உள்ளவருக்கும், குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவருக்கும் யோசிக்க வேண்டும். சில நிமிடம் பொறுத்து மறுபடி எடுங்கள்.

கோலாஞ்சைட்டிஸ் சந்தேகம் இருந்தால் டையை அழுத்தித் தள்ளவே கூடாது. நாளத்தின் அழுத்தம் ஏறினால் கிருமியுள்ள பித்தம் நேராக ரத்தத்துக்குள் போகும். மேசையிலேயே பிரஷர் இறங்கும்.

மூன்றாமாண்டு_பிஜி எழுதியது:

ஒரு சந்தேகம் சார், மேடம். டை கீழே டுவோடினத்துக்கு நன்றாகப் போகிறது, ஆனால் மேலே ஈரல் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. நாளத்தில் அடைப்பு இல்லைதானே, படம் நார்மல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

கூடவே கூடாது தம்பி. இந்த இழையில் ஒரே ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்வதானால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: கீழே மட்டும் நிறைந்து மேலே நிறையாத படம், வேறு காரணம் நிரூபிக்கும்வரை, நாளக் காயத்தின் படம். நீங்கள் சிஸ்டிக் டக்ட் என்று நினைத்துக் கிளிப் போட்டது சிபிடியாக இருக்கலாம். அதனால்தான் மேற்பக்கம் டை ஏறவில்லை. நாளத்தைத் துண்டித்த ஆபரேஷன்களில் படம் எடுத்தும், இந்தப் படத்தையே நார்மல் என்று வாசித்துத் தொடர்ந்தவை உண்டு. படம் எடுத்தது வீணாவது இங்கேதான்.

அபாயமில்லாத காரணங்களும் இருக்கின்றன. கத்தீட்டர் ஆழமாகப் போய்ச் சந்திப்பைத் தாண்டிச் சிபிடிக்குள் நிற்கிறதா? ஒரு சென்டிமீட்டர் இழுத்துப் பாருங்கள். தலை உயர்ந்தே இருக்கிறதா? 20 டிகிரி தாழ்த்துங்கள். சுருக்குத்தசை தளர்ந்து எல்லாம் கீழே ஓடுகிறதா? கிராஸ்பரால் நாளத்தின் கீழ்ப்பக்கத்தை மெல்ல அழுத்திக்கொண்டு தள்ளுங்கள். மூன்றும் செய்தபின்னும் மேலே வரவில்லையென்றால் எதையும் வெட்டாமல் நிறுத்திவிட்டு, தெரிந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

மேலே நிறைந்துவிட்டாலும் கிளைகளை எண்ண வேண்டும். இடது நாளம், வலது முன் கிளை, வலது பின் கிளை மூன்றும் தெரிய வேண்டும். வலது பின் கிளை சிலருக்குத் தாழ்வாக இறங்கி, சிஸ்டிக் டக்டிலேயே வந்து சேரும். ஈரலில் ஒரு பகுதி கிளையே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் அந்தக் கிளை எங்கே போயிற்று என்று கேட்காமல் கிளிப் போடாதீர்கள்.

நிழல் தெரிந்தால் குமிழியா கல்லா? குமிழி அச்சுப்பிசகாத வட்டம், தலையை உயர்த்தினால் ஈரல் பக்கம் மேலே ஏறும், சலைன் தள்ளினால் கலையும் அல்லது நகரும். கல்லுக்கு முனை உண்டு, கனம் உண்டு, கீழேயே கிடக்கும்.

ஏற்காடு_மலைப்பாதை எழுதியது:

கல் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்துரோடு சார் சொன்ன 2004 ஆய்வு தானாகவே போய்விடும் என்கிறது. ஸ்வீடன் பதிவேட்டின் 2014 ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. படத்தில் கல் தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 25.3 விழுக்காட்டினருக்குப் பின்னால் தொல்லை, எடுத்துவிட்டவர்களில் 12.7. கல் 4 மி.மீ.க்கும் சிறியதாக இருந்தால்கூட 15.9-க்கு எதிராக 8.9.

நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சலும் காமாலையும் வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். தோட்ட வேலையில் ஒரு நாள் சம்பளம் போகும் என்று இரண்டு நாள் தள்ளிப் போடுவார்கள். கோலாஞ்சைட்டிஸில் இரண்டு நாள் என்பது உயிர். 'கவனித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது கவனிக்க ஆள் இருக்கும் ஊருக்குச் சொன்ன யோசனை.

ஐந்துரோடு_சர்ஜன் எழுதியது:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மலைக்காரருக்கு என் கணக்கும் மாறும்.

சிறு கல் தெரிந்தால் மேசையிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிஸ்டிக் டக்ட் வழியாகவே எடுக்கப் பொருத்தமானவை: ஐந்தாறு மி.மீ.க்கு உட்பட்டவை, மூன்று நான்குக்கு மேல் இல்லாதவை, சந்திப்புக்குக் கீழே கிடப்பவை. முதலில் பஸ்கோபானோ குளுகாகானோ கொடுத்து 100 மி.லி. வரை சலைனால் அலசினால் மிகச் சிறியவை போய்விடும். அடுத்தது திரையைப் பார்த்துக்கொண்டே டார்மியா கூடை (கல்லைப் பிடித்து இழுக்கும் கம்பிக்கூடை). கூடையைச் சுருக்குத்தசைக்கு அப்பால் திறந்து இழுத்தால் பாப்பிலாவே (நாளம் குடலில் திறக்கும் முனை) மாட்டிக்கொள்ளும், சந்திப்புக்கும் சுருக்குத்தசைக்கும் நடுவிலேயே திறந்து மூடுங்கள். மெல்லிய நாளத்தைக் கீறி எடுக்கப் போகாதீர்கள். 8 மி.மீ.க்குக் குறைவான சிபிடியைக் கீறினால் பின்னால் சுருக்கம் வரும்.

வரவில்லை என்றால் சிஸ்டிக் டக்டை எண்டோலூப்பால் (நூல் சுருக்கு) கட்டி, வடிகால் வைத்து, இரண்டொரு நாளில் ஈஆர்சிபிக்கு அனுப்புங்கள். கீழே அடைப்பு இருக்கும்போது கிளிப் மட்டும் போட்டு விட்டால் அழுத்தத்தில் கழன்று பித்தம் கசியும்.

மூன்றாமாண்டு_பிஜி எழுதியது:

பச்சை டை, ஐசிஜி (தனிக் கேமராவில் நாளத்தை ஒளிரக் காட்டுவது) போட்டால் எக்ஸ்ரேயே வேண்டாம் என்கிறார்களே?

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

வெட்டும் முன்னே வழிகாட்ட அது அருமையானது. 25 மி.கி. குப்பியைக் கரைத்து 2.5 மி.கி. நரம்பில், ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரமாவது முன்னால். தாமதித்துக் கொடுத்தால் ஈரலே பளபளத்து நாளத்தை மறைக்கும். ஆனால் அந்த ஒளி 5–10 மி.மீ. திசுவுக்குமேல் ஊடுருவாது. கொழுத்தவரிடமும் அழற்சி தடித்த இடத்திலும், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில், மங்கும். நாளத்துக்குள் கிடக்கும் கல்லையும் நம்பிச் சொல்லாது. அதற்கேற்ற கேமரா வேறு வேண்டும். ஆத்தூருக்கு இருக்கிற சி-ஆர்ம் போதும்.

ஆத்தூர்_கோலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். முதல் மூன்று மாதம் சுலபமானது கஷ்டமானது பார்க்காமல் எல்லா லேப் கோலிக்கும் படம். தியேட்டர் ஆட்கள் பழகியபின், அழற்சி உள்ளவர், எல்எஃப்டி கோளாறு உள்ளவர், உறுப்பு பிடிபடாதவர், மலையிலிருந்து வருகிறவர், இவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களுக்கு வாரம் ஒன்றாவது, கை மறக்காமல் இருக்க. கத்தீட்டர், வென்ஃப்ளான், இரண்டு சிரிஞ்ச், டை, சி-ஆர்ம் உறை எல்லாம் ஒரே டிரேயில். இரண்டு சிரிஞ்சிலும் பெயர் எழுதி ஒட்டினால் சலைனும் டையும் மாறாது, சரிதானே?

கன்னங்குறிச்சி_ஜிஐ எழுதியது:

சரி. கிளிப் போட்டு வெட்டும் முன் படத்தை இன்னொருவரும் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதையும் வையுங்கள்: டுவோடினம் நிறைந்தது, நிழல் இல்லை, மூன்று கிளை தெரிகிறது, கசிவு இல்லை. உதவிக்கு நிற்கும் டாக்டரோ மயக்க மருத்துவரோ யாரானாலும் சரி.

லெட்_ஏப்ரன் எழுதியது:

படத்தை டிஸ்சார்ஜ் சம்மரியோட கொடுத்து அனுப்புங்க சார். கோயம்புத்தூர் போனாலும் அங்கே இருக்கிறவங்க முதலில் கேட்கறது அதைத்தான். தெர்மல் பேப்பர் பிரின்ட் வெயிலில் மங்கிப்போகும், ஸ்பிரிட் பட்டாலும் கறுத்துடும். அதனால மெஷின்லேருந்து பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து, ஐபி நம்பர் போட்டு ஆஸ்பத்திரியிலேயும் வச்சுக்கோங்க.